எச்சிலை வாங்கிக்கொண்டு பூர்வீக ஊரை விற்கிறார்கள், சுங்கை சிப்புட் மக்கள் கவனிக்கவும்

டிஎன்ஏ சோதனை செய்தால் தமிழ்நாட்டில் உங்கள் முப்பாட்டன் பிறந்த கிராமத்தின் பெயரே வந்துவிடும் என்று சொல்லி, எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு ஆள் பிடித்தார்கள். குடும்பத்துக்கு 1,200 வெள்ளி. என் அம்மா கொடுத்திருக்கிறார். அடுத்து எந்தத் தோட்டத்துக்குப் போவார்களோ தெரியாது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களை வளர்த்தவர். தன் தாத்தா கங்காணியோடு கப்பலேறி வந்தவர் என்பதற்கு மேல் அவருக்குப் பூர்வீகம் பற்றி ஒன்றும் தெரியாது. கண்ணை மூடுவதற்குள் குலதெய்வத்துக்கு ஒரு பொங்கல் வைத்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த ஆசையைத்தான் மேசை போட்டிருந்த ஆள் பிடித்துக்கொண்டார். "கன்னத்துக்குள்ள பஞ்சுக்குச்சிய விட்டு ஒரு தேய்ப்பு, அவ்வளவுதாம்மா. ஊரு, குலதெய்வம், சொந்தக்காரங்க எல்லாம் வந்துரும்" என்றாராம். மைகார்டு (அடையாள அட்டை) நகலும் வாங்கியிருக்கிறார்.

வழவழ தாளில் வண்ண வண்ணமாக அறிக்கை வந்தது. அதில் ஒரு பக்கம் முழுக்க "தந்தைவழி ஒய் குரோமோசோம் முடிவு". ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவது. பெண்ணான என் அம்மாவிடம் அதை எங்கிருந்து எடுத்தார்கள்? அம்மாவின் அப்பா வழியை அப்படிப் பார்க்க வேண்டுமென்றால் என் தாய்மாமாவின் எச்சிலைத்தான் எடுத்திருக்க வேண்டும்.

அடுத்த பக்கத்தில் பழுப்பேறியதுபோல அச்சடித்த ஒரு "கப்பல் பதிவு". அம்மாவின் தாத்தா 1911-ல் ரஜூலா கப்பலில் பினாங்கு வந்தார், ஊர் நாமக்கல் மாவட்டம் என்று இருந்தது. ரஜூலா கப்பலைக் கட்டியதே 1926-ல். நாமக்கல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது 1997-ல். எங்களுக்கு எந்த உறவும் இல்லாத இன்னொரு குடும்பத்தின் அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். அதே கிராமம், அதே கப்பல்.

அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அக்கா, லேப்ல வந்தத அப்படியே குடுத்திருக்கோம்." எந்த லேப்? "அத வெளிய சொல்ல முடியாதுக்கா." அதற்கப்புறம் என் அழைப்பை எடுக்கவே இல்லை.

முறையான நிறுவனத்தில் சோதித்தாலும் கிராமத்தின் பெயர் வராது. அவர்கள் தங்களிடம் இருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டு, தென்னிந்தியா போன்ற பெரிய வட்டார அளவில் ஒரு விழுக்காடு சொல்வார்கள். சொந்தம் தெரிய வேண்டுமானால் அந்தச் சொந்தக்காரரும் அதே இடத்தில் சோதித்திருக்க வேண்டும். ஊரில் இருக்கும் நம் பங்காளிகளில் எத்தனை பேர் அதைச் செய்திருப்பார்கள்? அப்புறம், மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டிக்கொண்ட குடும்பங்கள் நம்முடையவை. அதனால் தூரத்துச் சொந்தம்கூடக் கிட்டத்துச் சொந்தம்போலக் கணக்கில் காட்டும். குலதெய்வம் எந்தக் குரோமோசோமிலும் இல்லை.

பெரிய நிறுவனத்திடம் கொடுத்த தகவலுக்கே ஆபத்து உண்டு. அமெரிக்காவின் 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்தில் 2023-ல் ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. 2025 மார்ச்சில் அது திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. முகவரி இல்லாத ஆளிடம் என் அம்மாவின் எச்சிலும் மைகார்டு நகலும் இருப்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

தேடுகிறவர்கள் முதலில் வீட்டிலும் ஊரிலும் தேடுங்கள். கோலகங்சாரில் இருக்கும் பெரியம்மாவின் தகரப் பெட்டியில், தாத்தாவுக்கு ஊரிலிருந்து வந்த கடிதம் ஒன்று மருந்துச் சீட்டுகளுக்கு அடியில் மடித்துக் கிடந்தது. மடிப்பு கிழிந்திருந்தாலும் தபால் முத்திரையில் திருக்கோவிலூர் என்று படிக்க முடிந்தது. நாமக்கல் எங்கே, திருக்கோவிலூர் எங்கே! உள்ளே "நம்ம அய்யனாருக்குக் கிடா வெட்டியாச்சு" என்று ஒரு வரி. இதற்கு ஒரு காசு செலவில்லை.

பழைய கடப்பிதழ், மணியார்டர் ரசீது, பிறப்புப் பத்திரம், தோட்டத் தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, கோயில் உபயக் கல்வெட்டு, இடுகாட்டுக் கல் என்று எல்லாவற்றையும் பாருங்கள். துண்டு போட்டு விற்ற துண்டாடலில் கைமாறிய தோட்டங்களில் பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) கிடைப்பது கஷ்டம்தான், இருந்தாலும் ஓய்வுபெற்ற கிராணி (தோட்டக் கணக்கர்) யாராவது இருந்தால் விசாரியுங்கள். பெரியவர்கள் பேசும்போது கைப்பேசியில் பதிவு செய்துவிடுங்கள். இத்தனையும் பார்த்த பிறகு டிஎன்ஏ சோதனையும் வேண்டும் என்றால், ஆய்வகத்தின் பெயர் கேளுங்கள், மூலத் தரவுக் கோப்பு உங்கள் கைக்கு வருமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் கொடுத்துவிட்டவர்கள் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். வங்கி வழியாக இப்போதுதான் அனுப்பியிருந்தால் உடனே 997 என்ற மோசடிப் புகார் எண்ணுக்கு அழையுங்கள். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். நாங்கள் போடப்போகிறோம். உங்கள் வீட்டுக்கும் 1911 ரஜூலா அறிக்கை வந்திருந்தால் ஒரு நகல் எடுத்து எனக்குக் கொடுங்கள், எங்கள் மனுவோடு சேர்த்துக்கொள்கிறேன்.