ஸ்ரீரங்கத்தில் ஏசி ரிப்பேர்: கேஸா, ப்ளோயரா?

வைகாசியில் தம்பி மகள் கல்யாணம், அதனால் அக்னி நட்சத்திரம் முடியும் முன்பே கனடாவின் ஸ்கார்பரோவில் இருந்து ஸ்ரீரங்கம் வந்து இறங்க வேண்டியதாயிற்று. வந்த அன்றே அம்மா அறையில் ஏசி மக்கர். 2014இல் வாங்கிய ஒன்றரை டன் ஸ்ப்ளிட், கம்ப்ரெசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகை இல்லை. காற்று மூச்சுவிடுகிற அளவுக்குத்தான் வந்தது, இன்டோர் யூனிட்டில் இருந்து தண்ணீர் சொட்டியது, பேனலைத் தூக்கிப் பார்த்தால் காற்றைக் குளிரவைக்கும் காயில் முழுக்க வெள்ளையாக ஐஸ்.

கம்பெனி சர்வீசுக்குப் போன் செய்தோம். மூன்றாம் நாள் ஒரு பையன் வந்தான், ஐஸைப் பார்த்தான், "கேஸ் லீக் சார், மூவாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றான். வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிரஷர் கேஜைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன், ஏனென்றால் இரண்டு வருஷம் முன்பு ஸ்கார்பரோ வீட்டு பேஸ்மென்ட்டில் ஃபர்னஸ் ப்ளோயர் (வீடு முழுக்கக் காற்றைத் தள்ளும் விசிறி) இதே மாதிரி மெதுவாகி, அங்கேயும் காயிலில் ஐஸ் கட்டியது. கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும், காற்று போதாவிட்டாலும் கட்டும். அன்றைக்குப் போனது கெப்பாசிட்டர், விசிறி மோட்டாரைச் சுற்றவைக்க உதவும் சின்னப் பாகம். அதைவிட வந்து பார்த்த கூலிதான் பல மடங்கு.

அப்புறம் எதிர் வீட்டு மாமி சொல்லி ஒரு மெக்கானிக் வந்தார், ஐம்பது வயதிருக்கும். முதலில் மாடிக்குப் போய் அவுட்டோரில் இரண்டு பைப்பையும் தொட்டுப் பார்த்தார். கேஸ் குறைந்தால் ஒல்லி பைப்பில்தான் முதலில் ஐஸ் பிடிக்கும், இங்கே தடி பைப்பும் உறைந்திருக்கிறது, காயிலுக்குக் காற்றே போகவில்லை என்றார். மெயினை அணைத்து ஐஸ் உருகும்வரை ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா இரண்டு தடவை காபி போட்டுக் கொடுத்தாள்.

உருகியதும் கரண்ட் இல்லாமலேயே ப்ளோயரை விரலால் தள்ளினார். லேசாகச் சுற்றியது, அதனால் தண்டைத் தாங்கும் புஷ் இறுகவில்லை. பிறகு ஃபேன் மோடில் மட்டும் போட்டார். 'உம்ம்' என்று ஒரு முனகல், சுற்றவில்லை. ஒரு பென்சிலால் மெல்லத் தள்ளிவிட்டதும் சோம்பலாகக் கிளம்பியது. (கரண்ட் ஓடும்போது இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம்.) "கண்டன்சர் சார்" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் குழம்பிப்போனது, ஏசியில் கண்டன்சர் என்றால் வெளியே இருக்கும் பெரிய காயில் அல்லவா! நம்ம ஊரில் சீலிங் ஃபேனில் தொடங்கி கெப்பாசிட்டர் எல்லாமே கண்டன்சர்தான். முனகலே இல்லாமல் செத்துக் கிடந்தால் போர்டில் இருந்து வோல்டேஜ் வருகிறதா என்று பார்ப்பாராம், வந்தும் சுற்றாவிட்டால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்றைச் சந்தேகப்பட வேண்டும். அரை மணி ஓடி நின்று, ஆறியதும் மறுபடி ஓடினால் மோட்டார் சூடேறுகிறது என்று கணக்கு.

போர்டைக் கழற்றி, கெப்பாசிட்டரில் தங்கியிருந்த சார்ஜை ஸ்க்ரூடிரைவரால் இறக்கிவிட்டு மீட்டர் வைத்தார். மேலே 1.5 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தது, மீட்டர் காட்டியது 0.6. மெயின்கார்டு கேட் பக்கம் போய்ப் புதுசு வாங்கி வந்து போர்டில் பற்றவைத்தார். அதற்குள் ப்ளோயர் இதழ்களில் அப்பியிருந்த தூசியைப் பழைய டூத்பிரஷ்ஷால் நானே தேய்த்தேன், ஒவ்வொரு இதழிலும் ஈரத்தில் ஊறிய கறுப்புக் களிமண் மாதிரி, அதுவே காற்றில் பாதியைத் தின்றிருக்கும்.

எல்லாம் சேர்த்து அறுநூற்றைம்பது ரூபாய். கேஸ் தொடவே இல்லை. மேல் அறை ஏசி இன்வெர்ட்டர், அதன் இன்டோரில் எலெக்ட்ரானிக் போர்டால் ஓடும் பிஎல்டிசி மோட்டார், இந்தக் கெப்பாசிட்டரே கிடையாது, அது நின்றால் செலவு வேறு மாதிரி இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அம்மா போர்வை கேட்டாள். என் போனுக்கு கம்பெனியில் இருந்து ஒரு எஸ்எம்எஸ்: உங்கள் புகார் வெற்றிகரமாகச் சரிசெய்யப்பட்டது, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?