ஹவானாவில் ‘கூட்டுறவு நாள்’ சுருட்டு: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கியூபாவுக்குச் செல்பவர்களும், அங்கு செல்லும் நண்பர்களிடம் சுருட்டு வாங்கிவரச் சொல்பவர்களும் என்னைப்போல் ஏமாறக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். பழைய ஹவானாவின் ஒபிஸ்போ தெருவில் என்னிடம் பேச்சுக்கொடுத்த இளைஞர் ஒருவர், அன்று சுருட்டுத் தொழிலாளர் கூட்டுறவின் விற்பனை நாள் என்றும், தொழிலாளர்களின் பங்காக வரும் சுருட்டுகள் அன்று மட்டும் கடை விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும் என்றும் சொன்னார். அவர் பின்னாலேயே நடந்து, ஒரு பழைய குடியிருப்பின் மூன்றாம் மாடியில், கியூபாவின் பெயர்பெற்ற கோஹிபா சுருட்டில் ‘எஸ்ப்ளெண்டிடோஸ்’ என்ற வகை 25 அடங்கியதாகச் சொல்லப்பட்ட பெட்டியை 90 டாலருக்கு வாங்கினேன். ரசீது கேட்டதற்குச் சிரித்தார்கள். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

என்னை எழவிடாமல் உட்காரவைத்தது அந்த இளைஞர் சொன்ன வரலாறு. 1492-இல் கொலம்பஸின் ஆட்களான லூயிஸ் டி டோரஸும் ரோட்ரிகோ டி ஹெரெஸும் கியூபாவின் பூர்வகுடிகளான தாயினோ மக்கள் புகையிலையைச் சுருட்டிப் புகைப்பதைக் கண்டது, 1817-இல் ஸ்பெயின் அரசர் ஏழாம் பெர்டினாண்டு கியூபப் புகையிலையின் மீதிருந்த அரச ஏகபோகத்தை நீக்கியது, 1865 முதல் ஆலைகளில் சுருட்டுபவர்கள் கேட்க நாளிதழையும் நாவலையும் உரக்கப் படிக்க ஆள் அமர்த்தப்பட்டது, 1966-இல் காஸ்ட்ரோவுக்காகவும் அரசு விருந்தினர்களுக்காகவும் பிறந்த கோஹிபா 1982-இல்தான் கடைக்கு வந்தது என அனைத்தையும் தடங்கலின்றிச் சொன்னார். ஊர் திரும்பிச் சரிபார்த்தபோது அவற்றில் ஒன்றுகூடத் தவறில்லை. தொழிலாளர்களுக்குச் சில சுருட்டுகள் பங்காகக் கிடைப்பதும் உண்மையே. அவற்றைப் பொதுமக்களுக்கு விற்கும் ‘கூட்டுறவு நாள்’ ஒன்றுதான் பொய். ஆங்கிலத்தில் வழங்கும் ‘செரூட்’ என்ற சொல் நம் ‘சுருட்டு’ என்பதிலிருந்து போனது என்று நான் பெருமையாகச் சொன்னதை அவர் மிகுந்த ஆர்வத்துடன் கேட்டுக்கொண்டார். அடுத்து வரும் தமிழரிடம் அது அவருக்கு உதவியிருக்கும்.

பெட்டியைப் பார்த்தே நான் கண்டுகொண்டிருக்கலாம். அதன் மூடி கண்ணாடியால் ஆனது. கோஹிபா கண்ணாடி மூடிப் பெட்டியில் விற்கப்படுவதே இல்லை. அசல் பெட்டியின் அடிப்பக்கத்தில் ‘ஹெச்சோ என் கூபா’ (கியூபாவில் செய்தது) என்ற எழுத்துகள் சூட்டு முத்திரையாகப் பதிந்திருக்கும், விரலால் தடவினால் பள்ளம் தெரியும். என் பெட்டியில் அவை மையால் அச்சிடப்பட்டிருந்தன. பக்கவாட்டில் ஒட்டப்படும் பச்சை உத்தரவாத முத்திரையில் உள்ள எண்ணை, கியூபச் சுருட்டுகளை விற்கும் ஹபானோஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். என் முத்திரையில் எண்ணே இல்லை. எஸ்ப்ளெண்டிடோஸ் 178 மி.மீ. நீளமும் ஏறத்தாழ 18.6 மி.மீ. விட்டமும் கொண்டது; என்னுடையவற்றில் ஒன்றுக்கொன்று பருமன் வேறுபட்டது. ஒன்றை நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். முழு நீள இலைகள் மடித்து வைக்கப்பட்டிருக்க வேண்டிய இடத்தில் ஆலைத் தரையைப் பெருக்கி அள்ளியதைப் போன்ற துணுக்குகளே இருந்தன.

பணத்தோடு நட்டம் நிற்கவில்லை, ஏனெனில் சுருட்டுகளைப் பாதுகாப்பதற்கும் அந்த இளைஞரே வழி சொல்லி அனுப்பியிருந்தார்: குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், மேலே வெள்ளையாகப் பூத்தால் அது முதிர்ச்சியின் அடையாளம். இரண்டுமே தவறு. இன்றைய குளிர்சாதனப் பெட்டிகள் உள்ளிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் இரண்டு வாரத்தில் மேலிலை வெடித்தது. மீதியை வெளியே எடுத்து, இணையத்தில் பெயர் தெரியாத விற்பனையாளரிடம் வாங்கிய ‘ஸ்பானிய சிடார்’ பேழையில் வைத்தேன். திறந்தால் வார்னிஷ் நெடி வீசிய அந்தப் பேழையின் ஈரப்பதமானி, மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் 70-ஐ விட்டு அசையவில்லை. சென்னையின் ஈரத்தில் சுருட்டுகளின் மேல் வெள்ளை பூத்தபோது முதிர்ச்சி என்று மகிழ்ந்தேன், அது பூஞ்சணம். சில நாளில் குண்டூசி நுழையும் அளவுக்குத் துளைகளும் தெரிந்தன. புகையிலை வண்டின் முட்டைகள் இலையிலேயே இருக்கக்கூடும். வெப்பம் 24 பாகைக்கு மேல் நீடித்தால் அவை பொரிந்துவிடும்.

அசல் சுருட்டு வைத்திருப்பவர்கள் 18 முதல் 20 பாகை வெப்பமும் 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் வெயிலில் மரப்பேழை மட்டும் போதாது. பேழை இருக்கும் அறையும் குளிர்ந்திருக்க வேண்டும். பேழையின் ஈரமூட்டியில் குழாய்நீரை ஊற்றாமல் வாலைவடிநீரையே பயன்படுத்துங்கள், ஏனெனில் குழாய்நீரின் உப்பு அதை அடைத்துவிடும். வண்டு இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், காற்றுப் புகாத பையிலிட்டு உறைபெட்டியில் மூன்று நாள் வைத்து, பிறகு ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, அதன் பின்னரே அறை வெப்பத்துக்குக் கொண்டுவர வேண்டும். நேராக வெளியே எடுத்தால் மேலிலை கிழியும்.

ஈரப்பதமானியை நம்புவதற்கு முன், ஒரு மூடியில் உப்பைச் சில துளி நீரில் சேறுபோல் நனைத்து, அந்த மூடியையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத ஒரே பையில் இரவு முழுவதும் மூடி வையுங்கள். காலையில் அது 75 காட்ட வேண்டும். என்னுடையது அப்போதும் 70-இலேயே நின்றது. கழற்றிப் பார்த்தேன், முள் தகட்டோடு ஒட்டப்பட்டிருந்தது.