பழைய புகார், வாழ்நாள் பதவி: அமெரிக்க செனட்டின் நியமன விசாரணைச் சேவை ஒரு மதிப்புரை

உச்ச நீதிமன்ற நீதிபதியை அதிபர் முன்மொழியலாம். ஆனால் செனட்டின் ஆலோசனையையும் ஒப்புதலையும் பெற்றே நியமிக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசமைப்பின் ஏற்பாடு. ஒப்புதலுக்கு முன் அந்த மனிதரைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு செனட்டின் நீதித்துறைக் குழுவிடம் இருக்கிறது. பொதுப்பணத்தில், பொதுமக்களின் பெயரால் நடக்கும் இந்த வேலையும் ஒரு சேவைதான். ஆகவே மற்ற எந்தச் சேவையையும் பார்ப்பது போலவே, செய்வதாகச் சொன்னதைச் செய்ததா என்று இதையும் பார்க்கலாம் என்று தோன்றியது. இதற்காக, உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட இருவர்மேல் எழுந்த புகார்களைப் பற்றி, அதாவது 1991 அக்டோபரில் கிளாரன்ஸ் தாமஸ் தொடர்பாகவும், 2018 செப்டம்பர் 27 அன்று பிரெட் கேவனா தொடர்பாகவும் நடந்த அமர்வுகளின் ஒளிப்பதிவுகளை, எழுத்துப் பதிவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். அமெரிக்க நாடாளுமன்ற நிகழ்வுகளை ஒளிபரப்பும் சி-ஸ்பான் அமைப்பின் இணையக் காப்பகத்தில் இந்த ஒளிப்பதிவுகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேச வைப்பதில் இந்தச் சேவை தேர்ந்தது. தேடிக் கண்டுபிடிப்பதில் மிகவும் பின்தங்கியது. பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புகாரை எடைபோட வேண்டிய இடத்தில் இந்தக் குறை சிறியதல்ல. அந்த இரண்டு வழக்குகளிலும் யார் சொன்னது உண்மை என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமில்லை. அதைத் தெரிந்துகொள்வதற்கு இருந்த வழிகளைக் குழு எந்த அளவுக்குப் பயன்படுத்தியது என்பதையே பார்த்தேன்.

முதலில் புகார் உள்ளே வரும் வாசல். கிறிஸ்டின் பிளேஸி ஃபோர்டு என்ற உளவியல் பேராசிரியர், 1982 கோடையில் மேரிலாந்தின் மாண்ட்கோமரி மாவட்டத்தில் ஒரு வீட்டில் நடந்த கூடுகையில், தமக்கு 15 வயதும் கேவனாவுக்கு 17 வயதும் இருந்தபோது அவர் தம்மைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்க முயன்றதாக எழுதிய கடிதம், 2018 ஜூலை 30 தேதியிட்டு குழுவில் இருந்த எதிர்க்கட்சி (ஜனநாயகக் கட்சி) செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைனிடம் போய்ச் சேர்ந்தது. கடிதம் எழுதியவர் ரகசியம் காக்கும்படி கேட்டிருந்தார். செப்டம்பர் தொடக்கத்தில் நான்கு நாள் நடந்த பொது அமர்வுகளில் அந்தக் கடிதம் எழவில்லை. நியமனத்துக்கு வருபவரின் அந்தரங்கச் செய்திகளைக் கேட்பதற்கென்றே தாமஸ் விவகாரத்துக்குப் பிறகு குழு ஏற்படுத்திக்கொண்ட மூடிய அமர்விலும் எழவில்லை. செப்டம்பர் 12 இரவு அது மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யிடம் போனது, செப்டம்பர் 16 அன்று ஃபோர்டின் பெயர் பத்திரிகையில் வந்துவிட்டது. 1991இலும் இதே கதைதான். தாமஸிடம் கல்வித் துறையிலும் சம வேலைவாய்ப்பு ஆணையத்திலும் பணியாற்றிய அனிதா ஹில், அவர் தமக்குப் பாலியல் தொந்தரவு கொடுத்தார் என்று, தம் பெயர் வெளியே வராமல் குழுவுக்குத் தெரிவித்த செய்தி, குழு வாக்களித்து முடித்த பின்பு ஊடகத்தில் கசிந்தது. இருபத்தேழு ஆண்டு இடைவெளியில் இரண்டு பெண்கள் ஒரே நிலையில் மாட்டிக்கொண்டார்கள் என்றால், அதைத் தனிப்பட்ட செனட்டர்களின் தவறு என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. ரகசியமாகக் கொடுத்த புகாரை ரகசியமாகவே, அதே சமயம் உரிய நேரத்தில், இரு கட்சிகளின் பிரதிநிதிகளும் சேர்ந்து விசாரிக்கக்கூடிய வழி இந்தச் சேவையில் இல்லை. அது இல்லாததால் புகார் ஒன்று புதைகிறது, அல்லது கடைசி நேரத்தில் வெடிக்கிறது. வெடிக்கும்போது புகார் சொன்னவருக்கும் பாதுகாப்பில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பதில் தேட நேரமில்லை.

அடுத்தது விசாரணை அறை. 2018 அமர்வில் எனக்கு மிகவும் மனம் கனத்தது இங்கேதான். குழுவில் குடியரசுக் கட்சியின் 11 உறுப்பினர்களும் ஆண்கள் என்பதால், அவர்கள் சார்பில் கேள்வி கேட்க அரிசோனாவில் பாலியல் குற்ற வழக்குகளை நடத்தி அனுபவம் பெற்ற ரேச்சல் மிட்செல் என்ற அரசு வழக்கறிஞர் அழைக்கப்பட்டார். அவர் கேள்விகளைப் பொறுமையாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டுபவர். ஆனால் அவருக்கு ஒரு முறைக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். அது முடிந்ததும் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வார். பெரும்பாலும் ஃபோர்டைப் பாராட்டுவதிலேயே அது கழியும். பிறகு மிட்செல் விட்ட இடத்தைத் தேடி மீண்டும் தொடங்குவார். ஃபோர்டு உண்மைச் சோதனைக் கருவிக்கு உட்பட்டது எப்போது, விமானத்தில் பயணம் செய்தாரா, அதற்கு யார் பணம் கட்டினார்கள் என்றெல்லாம் அவர் ஓரிழையைப் பற்றிக்கொண்டு போகும்போது மணி அடித்துவிடுகிறது. இறுதியில் மிட்செலே, இப்படி ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாகப் பேட்டி எடுப்பதுதான் சிறந்த வழி என்று சொல்லும் ஆய்வு எதுவும் இல்லை என்பதை நம்புவீர்களா என்று ஃபோர்டிடம் கேட்கிறார். அந்த இடத்தில் ஒளிப்பதிவை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். சேவையை வழங்க வந்தவரே, சேவையைப் பெற வந்தவரிடம், இது சரியான முறையில்லை என்று நேரடி ஒளிபரப்பில் ஒப்புக்கொள்கிறார். அதன் பிறகும் அந்த முறை மாறவில்லை.

இத்தனைக்கும் நடுவில், பழைய நினைவு எப்படி இயங்கும் என்பதை அந்த அமர்வு நன்றாகவே காட்டியது. எது மறக்கவில்லை என்று கேட்டபோது, கேவனாவும் அறையில் இருந்த அவர் நண்பரும் தம்மைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு என்றார் ஃபோர்டு. படிக்கட்டு, அறை, சத்தமாக வைத்த இசை, வாயைப் பொத்திய கை ஆகியவை அவருக்கு நினைவிருக்கின்றன. தேதி, யாருடைய வீடு, அன்று வீடு திரும்பியது எப்படி என்பவை நினைவில் இல்லை. எவ்வளவு உறுதி என்று கேட்டதற்கு நூறு சதவீதம் என்றார். பிற்பகலில் கேவனாவும், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நூறு சதவீத உறுதியோடு சொன்னார். நூறுக்கு நூறு என்று இரு பக்கமும் நிற்கும்போது, குரலின் நடுக்கத்தையும் கண்ணீரையும் வைத்து யாரை நம்புவது என்று முடிவு செய்வது ஆபத்து. அந்த நேரத்தில் வெளியிலிருந்து வரும் சிறு சிறு தடயங்களுக்குத்தான் மதிப்பு.

அப்படி ஒன்று அவர்கள் கையிலேயே இருந்தது. 1982 கோடைக்கான தம் நாள்காட்டியைக் கேவனாவே குழுவிடம் கொடுத்திருந்தார். வார நாட்களில் தாம் வேலையிலும் பயிற்சியிலும் இருந்ததால், இப்படி ஒரு கூடுகை நடந்திருந்தால் அது வார இறுதியில்தான் இருந்திருக்கும் என்பது அவர் வாதம். அந்த நாள்காட்டியில் ஜூலை 1 கட்டத்தில், ஒரு நண்பர் வீட்டுக்குப் போவதாகவும், கூடுகையில் இருந்ததாக ஃபோர்டு குறிப்பிட்ட இருவர் உட்படச் சில நண்பர்கள் உடன் வருவதாகவும் சுருக்கெழுத்துப் போல ஒரு குறிப்பு இருக்கிறது. அன்று வியாழக்கிழமை. மிட்செல் அந்தக் குறிப்பை வாசித்துக் காட்டி, அதிலுள்ள பெயர்கள் யார் யாருடையவை என்று கேட்டார். சற்று நேரத்தில் செனட்டர் லிண்ட்சே கிரகாம் கோபத்தோடு குறுக்கே வந்து, எதிர்த்தரப்பைச் சாடிப் பேசினார். அதன்பின் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் தங்கள் நேரத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். மிட்செல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அந்தக் குறிப்பு ஃபோர்டு சொன்ன நிகழ்வைக் குறிக்கிறது என்று நான் சொல்லவில்லை. குறிக்காமலும் இருக்கலாம், அது கேவனாவுக்கு ஆதரவாகக்கூட முடிந்திருக்கலாம். அந்த வீடு எங்கே இருந்தது, அறைகள் எப்படி இருந்தன, அன்று மாலை யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று பொறுமையாகக் கேட்டிருந்தால் ஏதேனும் ஒரு பக்கம் தெளிந்திருக்கும். கேட்கத் தெரிந்தவர் அந்த அறையிலேயே இருந்தார்; அவரைக் கேட்க விடவில்லை.

இந்தச் சேவையின் மிகப் பலவீனமான பகுதி பின்னணி விசாரணை. செப்டம்பர் 28 அன்று குழு கேவனாவின் நியமனத்துக்கு ஆதரவாக 11க்கு 10 என்று வாக்களித்தது. செனட்டர் ஜெஃப் ஃப்ளேக் கேட்டுக்கொண்டதால் ஒரு வாரத்துக்குக் கூடுதல் விசாரணை நடந்தது. எஃப்.பி.ஐ. 10 பேரை விசாரித்தது. ஃபோர்டையும் கேவனாவையும் விசாரிக்கவில்லை. யேல் பல்கலைக்கழகக் காலம் பற்றி வேறொரு புகாரைச் சொன்ன டெபோரா ராமிரெஸை விசாரித்தார்கள். ஆனால் அவர் தரப்பு கொடுத்த இருபதுக்கும் மேற்பட்ட பெயர்களில் பெரும்பாலானவர்களிடம் போகவில்லை. அறிக்கையின் ஒரே ஒரு பிரதி பாதுகாக்கப்பட்ட அறையில் வைக்கப்பட்டு, செனட்டர்கள் முறை வைத்துப் போய்ப் படித்தார்கள். பொதுமக்களுக்கு இன்றுவரை அது கிடைக்கவில்லை. அந்த நாட்களில் பொதுமக்களிடமிருந்து 4,500க்கும் மேற்பட்ட தகவல்கள் வந்தன என்றும், அவற்றில் பொருத்தமானவை வெள்ளை மாளிகை வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டன என்றும் 2021இல் எஃப்.பி.ஐ. செனட்டர்களுக்கு எழுதிய கடிதத்தில் தெரிந்தது.

இங்கே ஒரு நடைமுறையைப் புரிந்துகொள்ள வேண்டும். பலருக்கும் இது தெரிவதில்லை. நியமனப் பின்னணி விசாரணை குற்ற விசாரணை அல்ல. அதைக் கேட்பது வெள்ளை மாளிகை. யாரை விசாரிக்கலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்ற எல்லையும் அங்கிருந்தே வருகிறது. ஒரு வீட்டை விற்பவரே அதன் சுவர்களைப் பரிசோதிக்கும் பொறியாளருக்குக் கூலி கொடுத்து, எந்த அறையைத் திறந்து பார்க்கலாம் என்றும் சொல்வது போன்ற ஏற்பாடு இது. வாங்குபவரின் இடத்தில் இருக்கும் செனட்டுக்கு அறிக்கை மட்டுமே வருகிறது. ஒப்புநோக்க, 1991இல் இந்தப் பகுதி மேலாக இருந்தது என்பது எனக்கே வியப்பாக இருந்தது. அப்போது எஃப்.பி.ஐ. சில நாட்களுக்குள் ஹில்லையும் தாமஸையும் நேரடியாக விசாரித்து அறிக்கை கொடுத்தது. பத்து ஆண்டுப் பழைய புகாருக்குச் செய்ததை முப்பத்தாறு ஆண்டுப் பழைய புகாருக்குச் செய்யவில்லை. புகார் பழையதாக ஆக, தடயம் குறைய ஆக, தேடல் கூட வேண்டுமே தவிரக் குறையக் கூடாது.

ஆனால் 1991ஐப் பொன்னான காலம் என்றும் சொல்ல மாட்டேன். 14 ஆண்கள் ஒரு பெண்ணை அந்தரங்கச் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதைப் பார்ப்பது கடினமாக இருந்தது. ஹில் பல ஆண்டுகளுக்கு முன்பே தங்களிடம் சொன்னார் என்று நான்கு பேர் வந்து சாட்சியம் அளித்தார்கள். அது மிக முக்கியமான ஆதாரம். ஆனால் தாமஸிடம் பணியாற்றி, தமக்கும் அதுபோன்ற அனுபவம் உண்டு என்று சொன்ன ஏஞ்சலா ரைட்டை அமர்வில் பேச வைக்கவில்லை. குழுப் பணியாளர்கள் அவரிடம் எடுத்த பேட்டியின் எழுத்துப் பதிவு பதிவேட்டில் சேர்க்கப்பட்டதோடு சரி. ஒரே மாதிரியான நடத்தையை ஒருவரையொருவர் சாராத இருவர் சொன்னால், பழைய புகாரை எடைபோடுவதில் அதைவிட உதவியானது எதுவுமில்லை. தாமஸ் 52க்கு 48 என்று உறுதி செய்யப்பட்டார்.

எந்த அளவுகோலை வைத்து எடைபோடுவது என்பதையும் இந்தச் சேவை முன்கூட்டியே அறிவிப்பதில்லை. 1991இல் குழுத் தலைவர் ஜோ பைடன், சந்தேகத்தின் பலன் தாமஸுக்கே என்றார். 2018இல் ஒவ்வொருவரும் ஒரு தராசு வைத்திருந்தார்கள். செனட்டர் சூசன் காலின்ஸ் தம் உரையில், இது குற்ற வழக்கு அல்ல என்பதால் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் தேவையில்லை என்றும், நடந்திருக்கவே கூடுதல் வாய்ப்பு உண்டா என்று பார்த்தால் போதும் என்றும் விளக்கி, அதையும் இந்தப் புகார்கள் எட்டவில்லை என்று முடித்தார். அமர்வுக்குப் பின் மிட்செல் எழுதிய குறிப்பறிக்கையும் அதே முடிவுக்கு வந்தது. ஃபோர்டு குறிப்பிட்டவர்கள் யாருக்கும் அந்தக் கூடுகை நினைவில்லை என்பது அவர்கள் பக்கத்தின் வலுவான வாதம். அதைத் தள்ளிவிட முடியாது. அளவுகோலாகக் காலின்ஸ் சொன்னதை நானும் ஏற்கிறேன். நூறு கோடி டாலர் உரிமையியல் வழக்குக்கும் அந்தத் தராசு போதுமென்றால், வாழ்நாள் பதவிக்கும் அது போதும். என் மனக்குறை வேறு. தராசு சரியாக இருந்தாலும், தட்டில் வைக்க வேண்டியதைத் தேடி எடுக்காமலே நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். தேடாததால் கிடைக்காதது வேறு. தேடியும் கிடைக்காதது வேறு. இரண்டாவது மட்டுமே ஒருவருக்கு ஆதரவான சான்று. கேவனாவின் பெயரை உண்மையாகவே துடைத்திருக்கக்கூடியதும் அதுதான். அவருக்கும் அதைத் தரவில்லை.

அக்டோபர் 6 அன்று 50க்கு 48 என்று கேவனாவின் நியமனம் உறுதியானது. அவரது நடத்தை பற்றி, முக்கியமாக அமர்வுகளில் அவர் பேசிய விதம் பற்றி வந்த 83 முறையீடுகளை, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மேல் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி அந்த ஆண்டு டிசம்பரில் கீழமை நீதிபதிகள் குழு ஒன்று தள்ளுபடி செய்தது. நியமனத்துக்கு முன் இருக்கும் இந்த ஒரு வாசல்தான் நடைமுறையில் முதலும் கடைசியும்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், திறந்த பதிவுக்காகவும், இரு தரப்பையும் சத்தியப் பிரமாணத்தின் கீழ் பேச வைத்ததற்காகவும் இரண்டு கொடுப்பேன். பார்க்க விரும்புபவர்கள் துண்டுக் காட்சிகளைத் தவிர்த்துவிட்டு, 2018 அமர்வில் மிட்செல் கேட்ட கேள்விகளை மட்டும் எழுத்துப் பதிவிலிருந்து பிரித்தெடுத்து ஒரே தொடராக வாசியுங்கள். இடையில் வந்த உரைகள் எல்லாம் விலகியதும், ஒரு நல்ல விசாரணையின் தொடக்கம் அங்கே தெரியும். ஜூலை 1 வரை அது வருகிறது.