டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி தரையைச் சரிபண்ணித் தந்த மேஸ்திரி, கடலூர்

எங்க வீடு செம்மண்டலம் தாண்டி, பெண்ணையாற்றுப் பக்கம். 2024 டிசம்பர்ல சாத்தனூர் அணைத் தண்ணி வந்தப்போ ஹால்ல முழங்கால் அளவு நின்னுச்சு. வடிஞ்சு ரெண்டு வாரத்துல டைல்ஸ் ஒண்ணொண்ணா ஆட ஆரம்பிச்சுது. ஒண்ணைத் தூக்கிப் பார்த்தேன், அப்படியே கையோட வந்துடுச்சு. அடியில நாலு மூலைக்கு நாலு, நடுவுல ஒண்ணு, அஞ்சே அஞ்சு சிமெண்ட் உருண்டை. மீதி எல்லாம் பொள்ளல். அதுக்குக் கீழே பழைய சிமெண்ட் தரை ஒரு கொத்துகூட விழாம வழுவழுன்னு இருந்துது. எதைப் பிடிச்சுக்கிட்டு அது நிக்கும்? முன்னே ஒட்டினவர் ரெண்டே நாள்ல ஹாலை முடிச்சுக் கொடுத்தவர். அப்போ எனக்கு அது நல்ல வேலையாத் தெரிஞ்சுது.

இந்தத் தடவை நெல்லிக்குப்பத்துல இருந்து வர்ற ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டோம். தை மாசம் வந்தார். டைல்ஸ் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. ஒரு துண்டுக் கம்பியை எடுத்துக்கிட்டு பழைய டைல்ஸ் எடுத்த ஹால் தரை முழுக்கக் குனிஞ்சு தட்டிக்கிட்டே போனார். கிண்ணுன்னு கேட்டா அடுத்த இடம். தொப்புன்னு கேட்டா அடியில பொள்ளல், சாக்பீஸால ஒரு வட்டம். மொத்தம் பதினோரு வட்டம். அப்புறம் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஒரு பாலிதீன் தாளைத் தரையில விரிச்சு நாலு ஓரமும் டேப் ஒட்டினார். "அக்கா, நாளைக்குக் காலைல பிரிச்சுப் பார்த்துச் சொல்லுங்க."

காலைல தாளோட அடிப்பக்கம் முத்து முத்தாத் தண்ணி. போன்ல சொன்னேன். "இப்ப ஒட்டினா உப்புப் பூக்கும்க்கா. ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டு வைங்க, மாசி பிறக்கட்டும்"னார். அட்வான்ஸும் வாங்கலை. நான் பிளவுஸ் தைக்கிறவ. லைனிங் துணியை நனைச்சுக் காயப்போடாம கத்திரி வைக்க மாட்டேன், எவ்வளவு அவசரம்னாலும். அதனால அவர் காத்திருக்கச் சொன்னது எனக்குப் புரிஞ்சுது. வீட்டுக்காரர்தான் தினமும் கேட்டுக்கிட்டே இருந்தார்.

போகும்போது, வாசல்ல இருந்து குறுக்கே ஓடின விரிசல் மேல மூணு இடத்துல சிமெண்டை மெல்லிசாப் பூசி வச்சிருந்தார். மாசியில வந்ததும் முதல்ல அதைத்தான் பார்த்தார். மூணும் உடையலை. "விரிசல் நகரலைக்கா, அடைச்சுடலாம்." அதுக்கப்புறம்தான் வெட்டி அகலப்படுத்தி அடைச்சார். தாள் டேப்பும் இன்னொரு தடவை. அன்னைக்கு அடிப்பக்கம் காஞ்சு கிடந்துது.

என் தையல் மெஷின் இருபது வருஷமா நின்ன மூலையை மறக்க முடியாது. தரை முழுக்க உள்ளங்கைத் தண்ணி தெளிச்சுக்கிட்டு வந்தார். மத்த இடத்துல தரை உறிஞ்சிக்கிச்சு, அந்த மூலையில மட்டும் தாமரை இலைத் தண்ணியா உருண்டு நின்னுது. மெஷினுக்கு நான் விட்ட எண்ணெய் சொட்டுச் சொட்டா அவ்வளவு தூரம் இறங்கியிருக்கு. மேலாக் கழுவினாப் போகாதுன்னு, எண்ணெய் ஊறின வரைக்கும் உடைச்சு எடுத்துட்டுப் புதுசாப் போட்டார்.

வட்டம் போட்ட இடங்களையும் அப்படியே. மீதித் தரையைக் கொத்துற மெஷின் வச்சு சொரசொரப்பாக்கினார். பத்தடி அலுமினிய மட்டப்பலகையை நெடுக்க, குறுக்க, மூலைக்கு மூலை வச்சுப் பார்த்தார். அடியில மூணு மில்லிமீட்டருக்கு மேல சந்து தெரிஞ்சா விடலை. பள்ளத்துல, ஒட்டுப் பிடிக்கிறதுக்கு லேட்டக்ஸ் கலந்த சிமெண்ட் பால் தடவி, அது காயறதுக்குள்ள கலவையைப் போட்டு மட்டம் இழுத்தார். ஏழு நாள் ஈரச்சாக்கு. அப்புறம் காயவிட்டு, கூட்டி, கழுவி, என் விரலைத் தரையில இழுத்துப் பார்க்கச் சொன்னார். விரல்ல மாவு ஒட்டுச்சு. சித்தாளைக் கூப்பிட்டு மறுபடி கழுவ வச்சார்.

ஒட்டினது சுருக்கமா முடிஞ்சுது. 16 இன்ச் செராமிக் டைல், பல் கரணையால இழுத்த பசை. ரெண்டாவது டைலை வச்சு அழுத்தினவர் திரும்பத் தூக்கி, முதுகு முழுக்கப் பசை பிடிச்சிருக்கிறதைக் காட்டிட்டுத்தான் மேலே போனார். சுவர் ஓரமா விட்ட சந்து, சுவர் அடியில ஒட்டுற ஸ்கர்ட்டிங் பட்டைக்குள்ள மறைஞ்சிடுச்சு.

தரை வேலைக்கு மட்டும் நாலு நாள். மேஸ்திரிக்கு 4,800, சித்தாளுக்கு 3,200, மெஷின் வாடகை 1,800, ஆக 9,800 ரூபாய். சாமான் தனி. ஒட்டுற கூலியும் தனி. தெருவுல எல்லாரும் அதிகம்னாங்க. நான் முழுசா, மனசாரக் கொடுத்தேன். போன ஐப்பசி கார்த்திகை மழையும் பார்த்தாச்சு. காசால தட்டினா ஹால் முழுக்க ஒரே மாதிரி கிண்ணுன்னு கேட்குது.

குறை ரெண்டு. கொத்துற அன்னைக்குப் பறந்த தூசி பீரோவுக்குள்ள வரைக்கும் போச்சு. நாலு பட்டுப்புடவையை எடுத்து உதற வேண்டியதாச்சு. முன்னாடியே சொல்லியிருந்தா மூடி வச்சிருப்பேன். இன்னொண்ணு, சிமெண்ட் உருண்டை போய் மெல்லிசாப் பசை வந்ததுல ஹால் தாழ்ந்து, அடுப்படி வாசல்ல அரை இன்ச் படி விழுந்துடுச்சு. மாமியார் கால் ரெண்டு தடவை இடிச்சுது. சொன்ன மறுநாளே வந்து சரிவா ஒரு கிரானைட் பட்டை பதிச்சுக் கொடுத்தார். கல்லு காசு 350 என்னோடது, கூலி வாங்கலை. கூப்பிடுறவங்க வாசல் உயரத்தை முதல் நாளே அவர்கிட்ட கேட்டுடுங்க.