பழைய மரத்தை லேசர் கடையில் கொடுக்கும் முன்: எனக்கு நடந்தது

தக்கலைக்கு அருகே இருந்த எங்கள் பழைய வீட்டைச் சென்ற ஆண்டு பிரித்தோம். முன்வாசல் கதவு முழுப் பலா. ஆச்சி நாள்தோறும் கை வைத்துத் திறந்து மூடிய கதவு. கை பட்ட இடமெல்லாம் எண்ணெய் தேய்த்ததுபோலக் கருஞ்சிவப்பாக மின்னும். அதை விற்க மனம் வரவில்லை. மேல்பரப்பில் இழைப்புளி படவே கூடாது என்று ஆசாரியிடம் கெஞ்சிச் சொல்லி, 9 சென்டிமீட்டர் நீளமும் 6 சென்டிமீட்டர் அகலமுமாக 24 துண்டுகள் அறுத்து வாங்கினேன். ஒவ்வொன்றிலும் எங்கள் வீட்டுப் பெயர், அதன் கீழே ஆச்சியின் கையெழுத்து. எங்கள் பக்கத்தில் வீட்டுப் பெயரைச் சொன்னால்தான் ஆளைத் தெரியும். முதலாண்டு நினைவு நாளில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் 24 பேருக்கும் ஆளுக்கொன்று கொடுக்க நினைத்திருந்தேன்.

நாகர்கோவிலில் மரத்தில் லேசரால் எழுத்துப் பொறிக்கும் ஒரு கடையில் கொடுத்தேன். துண்டுக்கு 150 ரூபாய், முன்பணம் 2,000. “இந்த மரம் வேறு கிடைக்காது. ஒன்றைப் போட்டு எனக்குக் காட்டிவிட்டு மற்றதைத் தொடுங்கள்” என்று இரண்டு முறை சொன்னேன். “சார், தினமும் நூறு சாவிக்கொத்து போடுகிற மெஷின் இது, கவலைப்படாமல் போங்கள்” என்றார் கடைக்காரர். நான் போனேன். நின்று பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் போனால் 24ம் முடிந்திருந்தன. நான்கில் மட்டுமே எழுத்து சரியான இடத்தில் விழுந்திருந்தது. மற்றவற்றில் எழுத்து இடப்பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. சிலவற்றில் வீட்டுப் பெயரின் முதல் எழுத்தே பாதி காணவில்லை. கோடுகளும் தடித்துப் புகை அப்பியிருந்தன. எல்லாவற்றையும்விட என்னைத் துடிக்க வைத்தது வேறொன்று. தவறை மறைக்க இரண்டு துண்டுகளை என்னைக் கேட்காமலே சாண்ட் பேப்பரால் தேய்த்திருந்தார். பலாவைத் தேய்த்தால் உள்ளே மஞ்சள்தான் இருக்கும். எத்தனையோ ஆண்டுகளாக ஏறிய நிறம் ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. இதைச் செய்துவிட்டு, “உங்கள் மரம்தான் கோணல்” என்றார், மீதி 1,600 ரூபாயையும் கேட்டார். நான் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து துண்டுகளை மேசையில் பரப்பினேன். ஒரு துண்டின் வலது ஓரத்தில் கருகிய சிறு வளைவு ஒன்று தெரிந்தது. அடுத்த துண்டில் காணாமல் போன எழுத்தின் பாதி அது. அதைப் பிடித்துக்கொண்டு வரிசையை மறுபடி அடுக்க முடிந்தது: ஆறு ஆறாக நான்கு வரிசை, துண்டோடு துண்டு ஒட்டி வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் ஒரு துண்டுக்கு 90 மில்லிமீட்டர் என்று வரைந்திருக்கிறார். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், ஆசாரி அறுத்தது 91. முதல் துண்டில் ஒன்றும் தெரியாது. இரண்டாவது 1 மில்லிமீட்டர் தள்ளும், மூன்றாவது 2, ஆறாவதுக்கு வரும்போது 5. இடது கோடியில் இருந்த நான்கு மட்டும் தப்பியதற்கு இதுதான் காரணம். ஆசாரியைக் குறை சொல்ல மாட்டேன். பழைய மரத்தைக் கையால் அறுக்கும்போது ஒரு மில்லிமீட்டர் கூடும், குறையும். மெஷினில் வைக்கும் முன் அளப்பது பொறிப்பவரின் வேலை.

மார்த்தாண்டத்தில் இதே தொழில் செய்யும் ஒருவரிடம், கதவில் மிஞ்சியிருந்த மூன்று துண்டுகளோடு போனேன். அவர் முதலில் ஒவ்வொன்றையும் அளந்தார். மெஷின் மேடையில் ஓர் அட்டையை நகராதபடி ஒட்டி, அதே லேசரால் அந்த அட்டையில் மூன்று செவ்வகத் துளைகளை வெட்டினார். இதை ஜிக் என்கிறார்கள். துளையை வெட்டியதும் பொறிக்கப்போவதும் ஒரே மெஷின், அட்டையும் நகரவில்லை. அதனால் துளை எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குத் துல்லியமாகத் தெரியும். ஒவ்வொரு துண்டுக்கும் தனித் துளை என்பதால் ஒன்றின் பிழை அடுத்ததன் மேல் ஏறாது. துண்டுகளை எல்லாத் துளையிலும் ஒரே மூலைக்குத் தள்ளி வைத்தார்.

பிறகு மேடையை இறக்கி, லென்சுக்கும் மரத்துக்கும் உள்ள தூரத்தைச் சிறு கட்டை ஒன்றால் அளந்து சரிசெய்தார். என் துண்டுகள் 20 மில்லிமீட்டர் தடிமன். சாவிக்கொத்துக்கான பலகை 3 மில்லிமீட்டர்தான். தூரம் மாறினால் கதிர் ஒரு புள்ளியில் குவியாது, கோடு தடிக்கும். வழிகாட்டும் சிவப்புப் புள்ளி பல மெஷின்களில் தனி விளக்கிலிருந்து சாய்வாக விழுகிறது. உயரம் மாறினால் அதுவும் இடம் மாறும். ஆகவே புள்ளியை மட்டும் நம்பக் கூடாது என்றார். கடைசியாக மரத்தின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, மிகக் குறைந்த சக்தியில் எழுத்தின் எல்லையை டேப்பில் மட்டும் விழவைத்து, “பாருங்கள் அண்ணாச்சி, நடுவில் இருக்கிறதா?” என்று என்னைக் கூப்பிட்டார். அரை மில்லிமீட்டர் நகர்த்தினோம். அதன்பிறகுதான் பொறித்தார். எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம்.

இந்த டேப் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யாத கடையில், திரும்பக் கிடைக்காத எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். தாலிப் பெட்டியோ, அப்பாவின் பேனாப் பெட்டியோ, எதுவானாலும் சரி. “முதல் துண்டை ஒப்புக்கொண்ட பிறகே மற்றவை” என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். நான் வாய்ச்சொல்லோடு நிறுத்தியதால் இப்போது நிரூபிக்கத் திணறுகிறேன். கொடுப்பதற்கு முன் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து வையுங்கள். என்னிடம் இருக்கும் ஒரே பலமான சாட்சி ஆசாரி அறுத்த அன்று எடுத்த படங்கள்தான்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கடைக்காரர் இறங்கி வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கடைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. மனுவை இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். புகார் முடியாததால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

நினைவு நாளில் ஏழு பேருக்கு மட்டும் கொடுத்தேன். கெட்டுப்போன இருபதில், பின்பக்கம் ஆணித் துளை இல்லாதவை பதினொன்று. அவற்றைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் பொறித்துத் தருவதாக மார்த்தாண்டத்துக்காரர் சொல்லியிருக்கிறார். வரும் சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன்.