3,800 ரூபாய் போச்சு: கிட்டார் பெடலை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் படியுங்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் கிட்டார் வாசிக்கிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். 3,800 ரூபாயைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். பெடலில் சத்தம் இறங்கினால் நாமே எப்படிச் சோதிப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. வேலூரில் இருக்கும் ஒரு இசைக்கருவி விற்பனை, சர்வீஸ் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மெல்லிசைக் குழு ஒன்றில் லீட் கிட்டார். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா சமயத்தில் அந்தப் பக்கம் ஒரு கச்சேரி. ஓவர்டிரைவ் பெடலை (கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் சொருகும், காலால் மிதித்து இயக்கும் சின்னப் பெட்டி) மிதித்தால் கிட்டார் மற்ற வாத்தியங்களைத் தாண்டி முன்னே வர வேண்டும். அன்றைக்கு மிதித்ததும் சத்தம் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. லெவல் குமிழைக் கடைசி வரை திருப்பியும் ஏறவில்லை. ஸ்வரத்தை இழுத்துப் பிடித்தால் கரகரவென்று உடைந்து பாதியிலேயே அறுந்துபோனது. பெடலை அணைத்தால் கிட்டார் பழையபடி நன்றாகக் கேட்கிறது. கேபிள் மாற்றினேன், அடாப்டர் மாற்றினேன், புது 9 வோல்ட் பேட்டரி போட்டும் பார்த்தேன். கோளாறு பெடலுக்கு உள்ளேதான் என்பது தெளிவாகிவிட்டது. சோலோ வர வேண்டிய இடத்தையெல்லாம் கீபோர்டு அண்ணன் வாசித்துச் சமாளித்தார்.

அடுத்து சர்வீஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் பேசிய பேச்சைக் கேட்டால் யாரும் நம்புவார்கள். "இன்னா தம்பி, லெவல் டிராப்பா? குடு பார்க்கலாம்" என்று வாங்கி, மூடியைக்கூடத் திறக்காமல் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். டீ சொன்னார். சுவரில் பெரிய பாடகர்களோடு எடுத்த போட்டோக்கள். "நம்ம கைக்கு வந்த பொருள் ரிப்பேர்னு திரும்பிப் போனதே கிடையாது" என்றார். அவரே ஒரு கிட்டாரை எடுத்து ட்யூன் பண்ணி, கண்ணை மூடி அழகாக நாலு வரி வாசித்தார். இப்படி வாசிக்கிற மனுஷன் இன்னொரு கலைஞனை ஏமாற்றுவானா என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்புறம் சிக்னலைப் பெருக்கும் சிப்பான ஐ.சி. மேல் பழி போட்டு விலை சொன்னார். "ஐ.சி. போயிருக்கு தம்பி. லோக்கல்ல கிடைக்கிறது எல்லாம் டூப்ளிகேட். ஒரிஜினல் ஜப்பான் ஐ.சி. சென்னையிலிருந்து வரவழைக்கணும். 3,800 ஆகும்." 1,500 அட்வான்ஸ் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, "பில் எதுக்கு, நான் எங்க ஓடிடப் போறேன்" என்று ஒரு வெள்ளைச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

பெடல் தயார் என்று போன் வந்தது. போனேன். ஆம்ப்ளிஃபயரில் போடாமல் ஒரு மிக்சரின் மைக் இன்புட்டில் சொருகி, கெயின் குமிழை நன்றாகத் திருப்பி வாசித்துக் காட்டினார். கடையே அதிர்ந்தது. "பார்த்தியா?" என்றார். மீதி 2,300 கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த மைக் இன்புட்டில்தான் மொத்த ஏமாற்று வேலையும். கம்பியின் அதிர்வைச் சிக்னலாக மாற்றும் கிட்டார் பிக்கப்பிலிருந்து வருவது சில நூறு மில்லிவோல்ட். மைக்கிலிருந்து வருவது அதைவிட மிகமிகக் குறைவு, சில மில்லிவோல்ட்தான். அதைத் தூக்கிவிடத்தான் மிக்சரில் கெயின் இருக்கிறது. அதில் எவ்வளவு நோஞ்சான் சிக்னலைக் கொடுத்தாலும் அலறும். வீட்டுக்கு வந்து என் ஆம்ப்ளிஃபயரில் போட்டால் அதே கதை. மிதித்ததும் சத்தம் படுத்துவிடுகிறது, அதே கரகரப்பு.

போன் பண்ணினேன். "உங்க ஆம்ப் வீக்கா இருக்கும்." இன்னொரு ஆம்ப்ளிஃபயரில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னேன். "கேபிள் மாத்திப் பாருங்க." மாற்றியாயிற்று என்றேன். "அண்ணன் ஆர்டர் விஷயமா வெளிய போயிருக்காரு" என்று கடைப் பையன். நேரில் போனபோது அண்ணன் உள்ளேயேதான் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் டீ சொன்ன அதே ஆள், இப்போது செல்போனிலிருந்து முகத்தைக்கூடத் தூக்கவில்லை. "எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸுக்கு கேரண்டி கிடையாது தம்பி. கடையை விட்டு வெளிய போயிட்டா நாங்க பொறுப்பில்ல." போட்ட ஐ.சி.யையாவது காட்டுங்கள், கழற்றிய பழையதைக் கொடுங்கள் என்றேன். "அதெல்லாம் குப்பையில போட்டாச்சு."

காட்பாடியில் ஆம்ப்ளிஃபயர் சர்வீஸ் பார்க்கும் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். பின்மூடியைத் திறந்ததும் அவர் ஒன்றும் பேசாமல் லென்ஸை என் கையில் கொடுத்தார். எட்டுக் கால் ஐ.சி. அது. அதன் கால்களைச் சுற்றிப் பழைய தூசி அப்படியே படிந்திருக்கிறது. போர்டின் அடிப்பக்கம் கம்பெனி வைத்த ஈயம் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறது. சால்டரிங் அயர்ன் அந்தப் பக்கமே போகவில்லை! 3,800 ரூபாய்க்கு நடந்தது இரண்டு குமிழ்களுக்கு கிளீனர் ஸ்பிரே அடித்தது மட்டும்தான். அதன் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருந்தது.

அண்ணன் மல்டிமீட்டரை வைத்தார். 9 வோல்ட்டில் ஓடும் இந்த மாதிரி பெடலில் ஐ.சி.யின் அவுட்புட் காலில் பாதி, அதாவது 4.5 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். அப்போதுதான் சிக்னலுக்கு மேலேயும் கீழேயும் ஆட இடம் கிடைக்கும். இங்கே 1.5தான் காட்டியது. அந்தப் பாதி வோல்ட்டேஜைத் தாங்கிப் பிடிக்கும் 47 மைக்ரோஃபாரட் கண்டென்சர் லீக் ஆகியிருந்தது. அதை மாற்றினார். மீட்டர் 4.5-க்கு வந்தது. மிதித்தேன், கிட்டார் முன்னே வந்தது. ஐ.சி.க்கு ஒன்றுமே இல்லை. கண்டென்சர் விலை சில ரூபாய். அவர் கூலியாகக் கேட்டது 150. அந்த ஐ.சி.யே போயிருந்தாலும் அது 4558 வகை, ஐம்பது ரூபாய்கூட ஆகாது. 3,800 எதற்கு?

ஒரு கச்சேரிக்கு எனக்குக் கிடைக்கும் பணத்தைவிட அதிகம் அந்த 3,800. ஊரூராய் வேனில் உட்கார்ந்து போய், விடிய விடிய வாசித்துச் சம்பாதித்த காசு. நினைக்க நினைக்க ஆறவில்லை.

எப்படிச் சோதிப்பது என்று கடைசியில் சொல்கிறேன் என்றேனே, முக்கியமானதை மட்டும் எழுதுகிறேன். பெடல் அணைத்திருந்தால் சத்தம் சரியாக இருந்து, போட்டால் மட்டும் குறைந்தால் கோளாறு பெடலுக்குள். இரண்டிலும் குறைந்தால் முதலில் கேபிளையும் ஜாக்கையும் பாருங்கள். இந்த மாதிரி பெடலுக்கு அடாப்டரில் 9 வோல்ட் டி.சி., பின்னின் நடுவில் மைனஸ்தானா என்று பார்த்துவிட்டுச் சொருகுங்கள். கடையில் சோதிக்கும்போது உங்கள் கிட்டார், உங்கள் ஆம்ப்ளிஃபயர், கொடுக்கும் முன் இருந்த அதே செட்டிங். மிக்சரில் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூடியைத் திறந்து போர்டை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டுக் கொடுங்கள். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள்.

பில் கட்டாயம் கேளுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அந்த வெள்ளைச் சீட்டு, போர்டின் போட்டோ, பணம் அனுப்பிய விவரம் எல்லாம் வைத்திருக்கிறேன். நாளை காலை புகார் பதிவு செய்யப் போகிறேன். இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள், சேர்ந்தே கொடுக்கலாம்.