சூடானால் மட்டும் அணையும் கார்: சில வருட அனுபவம்

ஸ்டார்ட்டே ஆகாத வண்டியைக் கூடச் சமாளித்துவிடலாம். ஸ்டார்ட் ஆகி, நாலைந்து நொடி ஓடி, பொசுக்கென்று அணையும் வண்டிதான் ஆளைப் படுத்தி எடுக்கும். என்னுடைய 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒரு வருடத்துக்கு மேல் இப்படித்தான் இருந்தது. காலையில் முதல் செல்ஃபிலேயே பிடிக்கும். திருச்சியிலிருந்து மதுரை போகும் வழியில், விராலிமலையில் டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் பிடிக்கும், உடனே அணையும். மறுபடி அடித்தாலும் அதே கதை. அரை மணி நேரம் நிழலில் விட்டால் மதுரை வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனாலோ சமத்துப் பிள்ளையாக நிற்கும்.

அங்கே ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கரியைத் துடைத்தார்கள். ஒவ்வொரு முறையும் சில வாரம் நன்றாக ஓடி, அப்புறம் பழையபடி ஆகிவிடும். விட்டு விட்டு வரும் கோளாறில் இதுதான் பெரிய சிக்கல்: எதை மாற்றினாலும் அதனால்தான் சரியானது போலத் தெரியும். அடுத்து பெட்ரோல் பம்பை மாற்றச் சொன்னார்கள். அதற்கு நான் சம்மதிக்கவில்லை.

காரணம், எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள். பம்ப் சோர்ந்தால் எஞ்சின் இருமி, இழுத்து, தடுமாறித்தான் நிற்கும். முள்ளும் தள்ளாடி இறங்கும். என் வண்டியில் முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தது. இடையில் ஒரு குலுக்கல் கூட இல்லை. சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுக்கு அடியில் பம்ப் இரண்டு மூன்று நொடி ‘ம்ம்ம்’ என்று ஓடுவதும் ஒழுங்காகக் கேட்டது. அப்படியானால் எஞ்சின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல்தான் சந்தேகம் போக வேண்டும். அந்த சிக்னல் ஒரு கணம் வராவிட்டாலும் எஞ்சின் நின்றுவிட்டதாக நினைத்து ஸ்பார்க்கையும் பெட்ரோலையும் சேர்த்தே நிறுத்திவிடும்.

ஓடும்போது அணையாத வண்டி டீக்கடையில் ஏன் அணைய வேண்டும்? எஞ்சினை நிறுத்தியதும் கூலன்ட் ஓட்டமும் நின்றுவிடுகிறது, காற்றும் இல்லை. அதனால் பானெட்டுக்குள் சூடு கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். எஞ்சின் பிளாக்கை ஒட்டி உட்கார்ந்திருக்கும் சென்சாருக்கு அதிகச் சூடு படுவது அந்த நேரத்தில்தான்.

கோளாறுகளைக் கோட் எண்ணாகப் பதிந்து வைக்கும் ஓபிடி-2 வசதி என் வண்டியில் இருந்ததால், சின்ன புளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கி போனில் ஆப் போட்டுக்கொண்டேன். பல நாள் கோட் எதுவுமே வரவில்லை. கடைசியில் ஒரு சித்திரை மதியம் பி0335 வந்தது: கிராங்க் சென்சார் சர்க்யூட். பாட்டரி வயரைக் கழற்றிப் போட்டால் இந்தப் பதிவு அழிந்துவிடலாம். அதனால் ‘பாட்டரியைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்’ என்று யார் சொன்னாலும், முதலில் கோட் எண்ணைப் படித்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குறிப்போடு ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். பெரியவர், அவசரமே படவில்லை. சென்சாரைக் கழற்றினார். அதன் காந்த முனையில் மீசை மாதிரி இரும்புத் தூள் ஒட்டியிருந்தது, துடைத்தார். வயரை மாட்டும் கப்ளரில் மல்டிமீட்டரை வைத்தார். மின்தடை 800 ஓமுக்கு மேல் காட்டியது. “இப்ப பாருங்க தம்பி” என்று ஹேர் டிரையரை எடுத்துச் சூடு காட்டினார். எண் மெல்ல ஏறியது, ஏறியது, பிறகு திரையில் எண்ணே இல்லை. உள்ளே சுருள் கம்பி அறுபட்டு, ஆறும்போது மட்டும் ஒட்டிக்கொள்கிறது. மேசை விசிறிக்கு முன்னால் வைத்ததும் எண் திரும்பி வந்தது. என்னை ஒரு வருடம் அலைக்கழித்த கோளாறு அந்த மேசைமேல் வந்து போனதைப் பார்த்தபோது அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

எல்லா வண்டிக்கும் இதே காரணமாக இருக்காது. ஒவ்வொரு முறையும் ஓரிரு நொடியிலேயே அணைந்து, மீட்டரில் சாவி விளக்கு மின்னினால், சாவியை அடையாளம் கண்டால்தான் வண்டியை ஓட விடும் இம்மொபிலைசர் காரணமாக இருக்கலாம்; இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் தாங்கி ஓடுகிறதென்றால், ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் ஐட்லிங் பக்கம், த்ராட்டில் பாடிக் கரியைப் பாருங்கள். பங்கில் டேங்கை நிரப்பியதும் மட்டும் வந்தால், டேங்கின் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்கலாம். இப்போது எதற்கெடுத்தாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் மேல் பழி போடுகிறார்கள். சோதிக்காமல் அதை நம்பி டேங்கைக் கழற்ற வேண்டாம்.

ஓடும்போதே அணைந்தால் பதறாதீர்கள். ஸ்டீயரிங் கனமாகும், ஆனால் திரும்பும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாக மிதியுங்கள். பிரேக்கை லேசாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் உதவி ஓரிரு மிதிக்குத்தான் வரும். வண்டி நிற்கும்வரை சாவியை உருவக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

2022இல் புது சென்சார் போட்டது. ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. அதற்குப் பிறகு எந்தக் கோடையிலும் வண்டி வழியில் அணையவில்லை. பாதி விலைக்குக் கிடைக்கும் டூப்ளிகேட்டைப் பெரியவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பழைய வயர் ஒரு பிராக்கெட்டில் உரசிக்கொண்டிருந்ததையும் அவரே பார்த்து, ஸ்லீவ் போட்டு விலக்கிக் கட்டினார். சென்சார் மாற்றுபவர்கள் அந்த வயரையும் கப்ளர் பின்களையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.